உள்ளங்கை திரும்ப வேண்டும்

(நாமக்கல்லில் பொதுமக்களுக்காக எலும்பு முறிவு அறுவை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

லாரிப் பட்டறையிலிருந்தும் தறிக்கூடத்திலிருந்தும் கோழிப்பண்ணையிலிருந்தும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் பேச்சைத் தொடங்குகிறேன்.

எல்லோரும் முழங்கையை மடக்கி இடுப்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை மேலே பார்க்கட்டும். இப்போது அதைத் தரையைப் பார்க்கத் திருப்புங்கள். மறுபடியும் மேலே. தோள் அசையவில்லை, முழங்கை மடங்கவோ நிமிரவோ இல்லை. திரும்பியதெல்லாம் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இருக்கும் முன்கைதான். நல்ல கையில் இந்தத் திருப்பம் ஏறத்தாழ 160 டிகிரி இருக்கும்.

இந்தத் திருப்பம் இல்லாத ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். சோற்றைப் பிசைய உள்ளங்கை கீழே பார்க்க வேண்டும், பிசைந்ததை வாய்க்குக் கொண்டுபோக மேலே திரும்ப வேண்டும். முகம் கழுவத் தண்ணீரை ஏந்த வேண்டும். கடையில் மீதிச் சில்லறையை வாங்கக் கையை நீட்டி விரிக்க வேண்டும். கழிப்பறையில் கால் கழுவ இடக்கை திரும்பியே ஆக வேண்டும். இதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, வருஷக்கணக்கில் மனதுக்குள் வைத்துப் புழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பிறகு தொழில். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டியில் ஸ்பேனர் பிடிப்பவர், குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறியில் அறுந்த இழையை முடிபவர், சங்ககிரியில் லோடு ஏற்றித் தார்ப்பாய் கட்டிக் கயிற்றை முறுக்குபவர், பரமத்தி வேலூரில் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுபவர், பண்ணையில் முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்கும் பெண் என்று எல்லோருக்கும் பிழைப்பு இந்தத் திருப்பத்தில்தான் இருக்கிறது.

முன்கையில் இரண்டு எலும்புகள். சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்னா. கட்டைவிரல் பக்கம் இருப்பது ஆரை எலும்பு, ரேடியஸ் என்பார்கள். கையைத் திருப்பும்போது அல்னா ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்க, ஆரை எலும்பு அதைச் சுற்றி வருகிறது. அப்படிச் சுற்றி வருவதற்காகவே அது நேராக இல்லாமல் சற்று வில்லாக வளைந்திருக்கிறது. வாளியின் கைப்பிடியை எண்ணிக்கொள்ளுங்கள். அது வளைந்திருப்பதால்தான் வாளியின் வாயை இடிக்காமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விழுகிறது. கைப்பிடி நசுங்கி உள்ளே ஒடுங்கினால் பாதியில் இடித்து நின்றுவிடும். உடைந்த ஆரை எலும்பு வளைவு கெட்டுக் கூடினாலும் அதே கதிதான். எலும்பு நன்றாகக் கூடியிருக்கும், எக்ஸ்ரேயில் கெட்டியாகத் தெரியும், உள்ளங்கை மட்டும் மேலே திரும்பாது.

தொடையிலோ காலிலோ எலும்பு கொஞ்சம் கோணிக் கூடினாலும் மனிதர் நடந்து போய்விடுவார். முன்கைக்கு அந்தச் சலுகை கிடையாது. சடலங்களின் கையில் எலும்பை வேண்டுமென்றே கோணலாக வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். 10 டிகிரி வரை பெரிய இழப்பு இல்லை, 20 டிகிரி கோணினால் திருப்பம் கணிசமாகக் குறைந்துவிடுகிறது. அதனால்தான் எலும்பு மருத்துவர்கள் முன்கை முழுவதையுமே ஒரு மூட்டாக எண்ணிப் பழகச் சொல்கிறார்கள். மூட்டு உடைந்தால் அதை எவ்வளவு துல்லியமாகப் பொருத்த வேண்டுமோ, இதையும் அவ்வளவு துல்லியமாகப் பொருத்த வேண்டும்.

நம் பக்கத்தில் இந்த எலும்புகள் எப்படி உடைகின்றன என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் போகும் நெடுஞ்சாலையும், சங்ககிரி வழியாகக் கொச்சிக்குப் போகும் நெடுஞ்சாலையும் நம் ஊர்களை அறுத்துக்கொண்டு போகின்றன. மேம்பாலம் ஏறிச் சுற்றிவர அலுத்துக்கொண்டு மொபெட்டில் குறுக்கே புகுகிறோம். லாரி மேல் நின்று கயிறு கட்டும்போது வழுக்கி விழுகிறோம். தென்னையிலிருந்து விழுகிறோம். ஆத்தூர், ராசிபுரம் பக்கத்துச் சேகோ ஆலைகளிலும், தீவனம் வெட்டும் மெஷினிலும், கரும்புச் சாறு பிழியும் உருளையிலும் கை சிக்குகிறது. மெஷினில் சிக்கிய கையில் எலும்பு முறிவு பாதிச் சேதம்தான். தோல், தசை, நரம்பு, இரத்தக்குழாய் எல்லாம் நசுங்கியிருக்கும். அந்தக் கதையைத் தனியாகப் பேச வேண்டும். இன்று அதில் ஒன்று மட்டும் சொல்கிறேன். எலும்பு வெளியே தெரிந்தால், அல்லது முறிந்த இடத்தில் சிறு பொத்தலாக இரத்தம் கசிந்தாலும்கூட, மண்ணோ மஞ்சளோ காப்பித்தூளோ வைக்காதீர்கள். சுத்தமான வேட்டித் துணியால் மூடி, அட்டை ஒன்றை அணையாகக் கொடுத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அங்கே கிருமிக்கொல்லி ஊசி எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவுக்குச் சீழ் பிடிக்கும் ஆபத்து குறையும்.

இனி, எல்லோரும் கேட்கும் கேள்வி. “ஏனுங்க டாக்டர், மாவுக்கட்டுப் போட்டாப் பத்தாதுங்களா? பிளேட் வெச்சே ஆகணுங்களா?”

நியாயமான கேள்வி. இதே கேள்வியை மருத்துவ உலகமும் நூறு வருஷம் கேட்டது. 1852இல் மத்தைசன் என்னும் டச்சு இராணுவ மருத்துவர் ஜிப்சம் மாவு தடவிய துணியால் கட்டும் முறையைக் கொண்டுவந்தார். இன்று நாம் போடும் மாவுக்கட்டு அதன் வாரிசு. பல முறிவுகளுக்கு அது இன்றும் அருமையான சிகிச்சை. ஆனால் பெரியவர்களின் முன்கையில் இரண்டு எலும்பும் நடுவில் உடைந்து விலகும்போது அது தோற்றுப்போகிறது. காரணம் தசைகள். மேல் துண்டில் ஒட்டியிருக்கும் தசை அதை ஒரு பக்கம் திருப்பும், கீழ்த் துண்டில் ஒட்டியிருப்பது எதிர்ப் பக்கம் திருப்பும். வெளியே எவ்வளவு கெட்டியான கட்டு இருந்தாலும், உள்ளே சதைக்கு நடுவே நடக்கும் இந்த இழுபறியை அது தடுக்க முடியாது. முதல் நாள் எக்ஸ்ரேயில் நேராக இருந்தது, வீக்கம் வற்றிக் கட்டு தளர்ந்த பத்தாம் நாள் விலகியிருக்கும்.

1949இல் அமெரிக்காவில் நைட், பர்விஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் பழைய நோயாளிகளைத் தேடிப்பிடித்துக் கணக்கெடுத்தார்கள். பெரியவர்களின் முன்கை இரட்டை முறிவை வெறும் கட்டால் குணப்படுத்த முயன்றதில் 71 சதவீதம் பேருக்கு விளைவு திருப்தியாக இல்லை. 1957இல் ஹியூஸ்டன் என்பவர், ஆரை எலும்பு கீழ்ப்பகுதியில் உடைந்து மணிக்கட்டு மூட்டும் விலகும் ஒரு வகை முறிவை ஆராய்ந்தார். கட்டுப் போட்ட 38 பேரில் 35 பேருக்குக் கை சரியாகவில்லை. இவை நல்ல ஆஸ்பத்திரிகளில், தேர்ந்த மருத்துவர்கள் போட்ட கட்டுகள் என்பதை மனதில் வையுங்கள்.

அப்படியானால் திறந்து உள்ளே பிடிக்க வேண்டும். அந்த எண்ணமும் பழையதுதான். பெல்ஜியத்தில் லாம்போட், இங்கிலாந்தில் ஆர்புத்நாட் லேன் ஆகியோர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உலோகத் தகடுகளை எலும்பில் திருகிப் பார்த்தார்கள். அந்தக் கால உலோகம் உடம்புக்குள் துருப்பிடித்தது, தகடு முறிந்தது, சீழ் வைத்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த ராபர்ட் டானிஸ், 1949இல் எழுதிய நூலில் ஒரு புதிய செய்தி சொன்னார். உடைந்த இரண்டு முனைகளையும் இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று நெருக்கி அழுத்திப் பிடித்தால், எலும்பு வெளியே கரணை கட்டாமல் நேரடியாகக் கூடுகிறது, அதற்குள் கையையும் அசைக்கலாம் என்றார். மறு வருஷம் அவரைப் பார்க்கப் போன மாரிஸ் முல்லர் என்ற இளம் சுவிஸ் மருத்துவர் அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டார். 1958 நவம்பரில் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் 13 மருத்துவர்கள் கூடி ஏஓ என்ற ஆய்வுக் குழுவைத் தொடங்கினார்கள். கருவி செய்கிற தொழிலாளரோடும் உலோகம் அறிந்தவர்களோடும் சேர்ந்து உட்கார்ந்து தகட்டையும் ஸ்குரூவையும் வடிவமைத்தார்கள். செய்த ஒவ்வொரு அறுவையையும் பதிவுசெய்து பின்தொடர்ந்தார்கள். மருத்துவ வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பட்டறைக்காரரும் மருத்துவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்த இடம் அது.

அதன் பலனை 1975இல் ஆண்டர்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட கணக்கில் காணலாம். 244 பேர், 330 முறிவுகள். அழுத்தத் தகடு வைத்ததில் ஆரை எலும்பு 97.9 சதவீதமும் அல்னா 96.3 சதவீதமும் கூடியிருந்தன. கட்டுப் போட்டு 71 சதவீதம் கைகள் தேறாமல் போனதோடு இதை வைத்துப் பாருங்கள். அந்த 1975ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பிறகு, பெரியவர்களின் விலகிய முன்கை முறிவுக்குத் தகடு வைப்பதே உலகெங்கும் வழக்கமாகிவிட்டது.

அந்தத் தகடு எதனால் ஆனது என்றும் கேட்பீர்கள். நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்துக்கு நெருங்கிய உறவு. 316எல் என்ற வகைத் துருப்பிடிக்காத உருக்கு. குரோமியமும் நிக்கலும் இரண்டிலும் உண்டு. தகட்டில் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்க்கிறார்கள். உடம்பின் நீரில் உப்பு இருக்கிறது, அந்த உப்பு உலோகத்தை அரித்துக் குழி விழச் செய்யாமல் மாலிப்டினம் காக்கும். இங்கே நம் ஊரோடு ஒரு தொடர்பைச் சொல்லத் தோன்றுகிறது. சேலம் உருக்காலைக்கு 1970இல் அடிக்கல் நாட்டினார்கள். 1981இல் அங்கே துருப்பிடிக்காத உருக்குத் தகடுகள் உருளத் தொடங்கின. இடைப்பட்ட காலத்தில் மத்திய உருக்குத்துறை அமைச்சராக இருந்தவர் மோகன் குமாரமங்கலம். அவர் குடும்பத்தின் ஊர் திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம். 1973 மே 31 அன்று டெல்லி அருகே நடந்த விமான விபத்தில் இறந்தார். நாமெல்லாம் சேலம் ஜி.ஹெச். என்று சொல்லும் ஆஸ்பத்திரி, 1986இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. உருக்குக்கு அமைச்சராக இருந்தவரின் பெயருள்ள கட்டடத்தில் இன்று உடைந்த கைகளுக்கு உருக்குத் தகடு வைக்கிறார்கள்.

டைட்டானியம் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: முன்கைக்கு நல்ல தரமான உருக்கே போதும். விலை கூடிய உலோகம் என்பதற்காகக் கை கூடுதலாகத் திரும்பிவிடாது. மருத்துவர் எலும்பின் வளைவை எவ்வளவு சரியாக மீட்கிறார் என்பதைப் பொறுத்ததுதான் எல்லாம். அதற்காகக் கடன் வாங்காதீர்கள்.

அறுவை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பயம் பாதி போய்விடும். பெரும்பாலும் முழு மயக்கம் தேவைப்படாது. கழுத்தடியிலோ அக்குளிலோ ஊசி போட்டுக் கையை மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள். நீங்கள் விழித்தே இருப்பீர்கள். மேற்கையில் காற்றடைத்த பட்டையைக் கட்டி இரத்த ஓட்டத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்துவார்கள். இரண்டு எலும்புக்கும் இரண்டு தனித்தனிக் கீறல்கள். ஒரே கீறலில் முடித்தால் இரண்டு எலும்புக்கும் நடுவே புதிய எலும்பு வளர்ந்து இரண்டையும் இணைத்துவிடும் ஆபத்து உண்டு. அப்படி இணைந்தால் திருப்பம் மொத்தமாக நின்றுவிடும். அல்னா தோலுக்கு அடியிலேயே இருக்கிறது, நீங்களே தடவிப் பார்க்கலாம். ஆரை எலும்பை எட்டுவதுதான் கவனமான வேலை. அயர்லாந்தில் பிறந்த ஆர்னால்ட் ஹென்றி என்ற அறுவை மருத்துவர், தசைகளுக்கு நடுவே அவற்றை வெட்டாமல் விலக்கிக்கொண்டு எலும்புக்குப் போகும் வழியை 1920களில் எழுதி வைத்தார். இன்றும் அந்த வழியில்தான் போகிறோம். அந்த வழியின் மேல்பகுதியில் விரல்களை நிமிர்த்தும் நரம்பு குறுக்கே வருகிறது. அதைக் காப்பாற்றிக்கொண்டு போக வேண்டும்.

எலும்பு முனைகளைக் கண்ணால் பார்த்துப் பொருத்தியபின் தகட்டை வைத்துத் துளையிட்டு, முறிவின் இரு பக்கமும் குறைந்தது மூன்று ஸ்குரூ என்ற கணக்கில் முடுக்குகிறோம். ஸ்குரூவின் கனம் 3.5 மில்லிமீட்டர். தகட்டின் துளை சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால் ஸ்குரூ இறங்க இறங்கத் தகடு நூலளவு நகர்ந்து, உடைந்த முனைகள் நெருங்கி அழுந்துகின்றன. டானிஸ் சொன்ன அழுத்தம் இதுதான். முடித்தபின், தையல் போடுவதற்கு முன்பு, மேஜையிலேயே உள்ளங்கையை மேலும் கீழும் திருப்பிப் பார்ப்போம். முழுதாகத் திரும்பினால்தான் மனம் ஆறும்.

மறுநாளே விரல்களை மடக்கி நீட்டச் சொல்வோம். சில நாளில் முழங்கையையும் முன்கையையும் திருப்பச் சொல்வோம். வலிக்கிறது என்று கையைத் தூளியிலேயே போட்டுவைக்கிறவர்கள், அறுவையால் கிடைத்த பலனைத் தாங்களே இழக்கிறார்கள். எலும்பு முழுதாகக் கூட மூன்று நான்கு மாதம் ஆகும். அதுவரை டம்ளர் தூக்கலாம், சாப்பிடலாம், எழுதலாம். தண்ணீர்க் குடமும் முட்டை அட்டைக் கட்டும் கியரும் எக்ஸ்ரே பார்த்த பின்தான். பீடியையும் சிகரெட்டையும் அந்த மாதங்களிலாவது விட்டுவிடுங்கள். புகையிலை இரத்தக்குழாயைச் சுருக்கி எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துகிறது. சர்க்கரை உள்ளவர்கள் அதைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். ஆட்டுக்கால் சூப்பும் பிரண்டைத் துவையலும் கொல்லிமலை முடவாட்டுக்கால் கிழங்கும் சாப்பிடலாமா என்று வீட்டுப் பெண்கள் கேட்பார்கள். தாராளமாகச் சாப்பிடுங்கள். அவை உணவு, விலகிய எலும்பை அவை இழுத்துப் பொருத்தாது. முட்டைக்குப் பேர்போன ஊர் இது, அதையும் தினம் சாப்பிடுங்கள்.

தகட்டைக் கட்டாயம் எடுக்க வேண்டுமா? பெரியவர்களுக்குத் தொந்தரவு இல்லையென்றால் தேவையில்லை. எடுப்பதானாலும் ஒன்றரை இரண்டு வருஷம் கழிய வேண்டும். அவசரப்பட்டு எடுத்த கை அதே இடத்தில் மறுபடி உடைவது தெரிந்த விஷயம்.

அறுவையில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சீழ் பிடிக்கலாம், நரம்பு அடிபடலாம், நூற்றில் சிலருக்கு எலும்பு கூடாமல் மறுமுறை செய்ய நேரலாம். இதையெல்லாம் கையெழுத்து வாங்கும் முன் உங்களுக்குப் புரியும் தமிழில் சொல்வது மருத்துவரின் கடமை, கேட்பது உங்கள் உரிமை.

எல்லா முன்கை முறிவுக்கும் தகடு வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளின் எலும்பு வளர்கிற எலும்பு. கொஞ்சம் கோணலாகக் கூடினாலும் வளர வளர நேராக்கிக்கொள்ளும், அதுவும் பத்து வயதுக்குள் என்றால் மாவுக்கட்டே பெரும்பாலும் போதும். மீறி விலகினால் பிரான்ஸில் நான்சி நகர மருத்துவர்கள் 1980களில் பரப்பிய வளையும் மெல்லிய கம்பியைச் சிறு துளை வழியே செலுத்துவார்கள். அல்னா மட்டும் விலகாமல் உடைந்தால் கட்டிலேயே கூடும். வயதான பெண்கள் வாசலில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டருகே உடைத்துக்கொள்வதிலும் பலவற்றுக்குக் கட்டே போதும்.

இந்த இடத்தில் இத்தாலியில் மிலான் நகரில் 1814இல் பதிவான ஒன்றைச் சொல்ல வேண்டும். மான்டெஜியா என்ற அறுவை மருத்துவரிடம் ஒரு சிறுமி வந்தாள். அல்னா மேல்பகுதியில் உடைந்ததாகக் கண்டு கட்டினார். ஒரு மாதம் கழித்துக் கட்டை அவிழ்த்தபோது, முழங்கையில் ஆரை எலும்பின் தலை மூட்டைவிட்டு விலகியே நின்றது. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட 81 வருஷம் இருந்த காலம் அது. அவர் அதை மறைக்காமல் எழுதி வைத்தார். அந்த வகை முறிவு இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. முன்கையில் ஒரு எலும்பு உடைந்து விலகினால் முழங்கையும் மணிக்கட்டும் தெரியும்படி எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும் என்பது அவரால் நாங்கள் கற்ற பாடம். படம் எடுக்காமல் தடவிப் பார்த்துக் கட்டுகிற எந்தக் கையும், அது எவ்வளவு அனுபவம் உள்ள கையாக இருந்தாலும், இந்த விலகலைத் தவறவிடும்.

தடவிக் கட்டுவது என்றதும் நாட்டுக் கட்டு நினைவுக்கு வந்திருக்கும். எலும்புக் கட்டுக்குப் பேர்போன, திருப்பதி அருகே உள்ள புத்தூரின் பெயர் நம் ஊர்ப் பெயர்ப்பலகைகளில் எல்லாம் தொங்குகிறது. மூங்கில் தப்பை, பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, உளுந்து மாவு, எண்ணெய். அந்த வைத்தியர்களை நான் இகழ வரவில்லை. ஆஸ்பத்திரியே இல்லாத நூற்றாண்டுகளில் அவர்கள்தான் இருந்தார்கள். இன்றும் மக்கள் அங்கே போவதற்குக் காரணம் இருக்கிறது. பக்கத்தில் இருக்கிறார்கள், முகம் பார்த்துப் பேசுகிறார்கள், கத்தி வைப்பதில்லை. ஆஸ்பத்திரியில் நாங்கள் வரிசையில் நிற்கவைத்து, பாதிச் செய்தியை ஆங்கிலத்தில் சொல்லி அனுப்பினால், அடுத்த பஸ்ஸில் கட்டு வைத்தியரிடம்தான் போவார்கள். அந்தக் குறை எங்களுடையது. குழந்தையின் முறிவும் விலகாத முறிவும் யார் கட்டினாலும் கூடும், கட்டியவருக்குப் பெயர் வரும். அந்தப் பெயரை நம்பி, விலகிய இரட்டை முறிவோடு ஒரு லாரி டிரைவர் போகும்போதுதான் கை போகிறது.

இரண்டு விதமாகப் போகும். ஒன்று, கோணிக் கூடித் திரும்பாமல் போவது. இதைப் பிறகு எலும்பை மறுபடி வெட்டி ஓரளவு சரிசெய்யலாம். மற்றொன்றைச் சரிசெய்ய முடியாது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எலும்பு உடைந்த முதல் இரண்டு மூன்று நாள் வீக்கம் ஏறிக்கொண்டே இருக்கும். முன்கையின் தசைகள் இறுக்கமான சவ்வு உறைகளுக்குள் இருக்கின்றன. அந்த உறை விரியாது. வெளியே சுற்றிலும் இறுக்கிய கட்டும் காய்ந்து கெட்டியாகிவிட்டால், உள்ளே அழுத்தம் ஏறி இரத்தம் தசைக்குள் நுழைய முடியாமல் போகும். ஆறு முதல் எட்டு மணி நேரம் அப்படியே போனால் தசை செத்துவிடும். செத்த தசை சில வாரங்களில் நாராகிச் சுருங்கும். மணிக்கட்டு மடங்கி, விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டு, தொட்டால் உணர்வில்லாத கை மிஞ்சும். ஜெர்மனியைச் சேர்ந்த ரிச்சர்ட் ஃபோக்மன் 1881இலேயே இறுக்கமான கட்டையும் இந்தச் சுருக்கத்தையும் தொடர்புபடுத்தி எழுதினார். அதைவிட மோசமான நிலையில் கை கறுத்து அழுகி, உயிரைக் காக்க வெட்டியெடுக்க வேண்டியிருக்கும். வேதனை என்னவென்றால், இந்தக் கேடு எலும்பு முறிவால் வருவதைவிடக் கட்டால் வருவதுதான் அதிகம் கண்ணில் படுகிறது. சிறுவர்களின் கையிலும் இது நடக்கிறது. கட்டிலேயே கூடியிருக்க வேண்டிய கை.

ஆஸ்பத்திரி மாவுக்கட்டிலும் இது நடக்கும் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதனால்தான் புதிய முறிவுக்கு முதலில் முழுக்கட்டுப் போடாமல் ஒரு பக்கம் மட்டும் பட்டையாக அரைக்கட்டுப் போட்டு, கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்தி வைக்கச் சொல்கிறோம்.

அறிகுறிகளை வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருங்கள். அடிபட்டதற்கு ஒவ்வாத அளவு வலி, மாத்திரை போட்டும் அடங்காமல் மணிக்கு மணி கூடும் வலி. மடங்கியிருக்கும் விரலை வேறொருவர் மெல்ல நிமிர்த்தினால் அலறும்படி வலிப்பது. விரல் மரத்துப்போவது, வெளுப்பது, நீலம் பாய்வது, சில்லிடுவது. வலிதான் முதலில் வரும், நிறம் மாறுவது கடைசியில். நிறம் மாறட்டும் பார்க்கலாம் என்று காத்திருந்தால் காலம் கடந்திருக்கும். ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்தும் அழுத்தம் குறையவில்லை என்றால் தோலையும் தசை உறையையும் நீளமாகத் திறந்துவிடுவார்கள். பார்க்கப் பயமாக இருக்கும். அது கையைக் காப்பாற்றும் அறுவை, மறுக்காதீர்கள்.

பணத்தைப் பற்றி. ஆபரேஷனுக்குப் பயந்து போகிறவர்களைவிடச் செலவுக்குப் பயந்து போகிறவர்கள் அதிகம். 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் இலவசமாக ஓடுகிறது. 2012இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டை உங்கள் குடும்பத்துக்கு இருக்கிறதா என்று இன்றே பார்த்துக்கொள்ளுங்கள். உடைந்த பிறகு தேடாதீர்கள். 2021 டிசம்பரில் வந்த இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48 திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்ட எவருக்கும், வெளி மாநில டிரைவரானாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சையைப் பட்டியலில் உள்ள அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில் அரசே ஏற்றுக்கொள்கிறது. தொடங்கும்போது அதன் வரம்பு ஒரு லட்சம் ரூபாய். நாமக்கல்லுக்கென்றே ஒரு அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. சேலம் ஜி.ஹெச். ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது. அடிபட்ட அன்றே புறப்பட்டுவிடுங்கள். தோல் கிழியாத முறிவுக்கு அறுவை அன்றிரவே நடந்தாக வேண்டும் என்பதில்லை, சில நாளில் திட்டமிட்டுச் செய்யலாம். ஆனால் மூன்று வாரம் நாட்டுக் கட்டில் வைத்திருந்துவிட்டு வந்தால், தப்பாகக் கூடத் தொடங்கிய எலும்பை முதலில் பிரிக்க வேண்டும். வேலையும் கடினம், பலனும் குறைவு.

இங்கே கட்டு வைத்தியம் செய்கிற குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் இருந்தால், அவர்களிடம் ஒரு வேண்டுகோள். படம் எடுக்காத முன்கையைக் கட்டாதீர்கள். படத்தில் விலகல் இருந்தால் எங்களிடம் அனுப்புங்கள். கட்டுவதானால் சுற்றிலும் இறுக்காதீர்கள், விரல் நுனி ஐந்தும் வெளியே தெரியட்டும். “வலி இருக்கத்தான் செய்யும், மூன்று நாள் பிரிக்காதே” என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்.

மற்ற எல்லோரிடமும் கேட்டுக்கொள்வது இது. கட்டுப் போட்ட பிள்ளை இரவு வலியால் அழுதால், விரலை நிமிர்த்தினால் துடித்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கட்டியவர் யாராக இருந்தாலும், அது மாவுக்கட்டோ நாட்டுக் கட்டோ, துணியை நீளவாக்கில் கடைசி இழை வரை கத்தரித்துத் தளர்த்திவிடுங்கள். கத்தரிக்க முடியாத கட்டாக இருந்தால் நொடியும் தாமதிக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். கட்டைப் பிரித்ததற்காக எந்த மருத்துவரும் உங்களைத் திட்டக் கூடாது. எலும்பை மறுநாள் மறுபடி பொருத்திக்கொள்ளலாம்.